இடது பக்கம் மட்டும் நீலம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் வேலையை எல்லாம் நான் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கார்க் கதவோர பீடிங் பட்டையில் பாதி சாம்பல், பாதி கன்னங்கரேல், பின்னால் ஒரு பாட்டு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு "இது சரியில்லையே" என்று முகம் சுளிக்கும் வீடியோவை மட்டும் இதுவரை ஒருவரும் போடவில்லை. உங்களுக்கெல்லாம் அப்படி நடப்பதே இல்லை போலிருக்கிறது. கொடுத்துவைத்தவர்கள். எனக்கு நடந்தது, அதுவும் ஒரே காருக்கு நாலு தடவை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழங்காநத்தத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷெட் வைத்திருந்தேன். காரின் வெளிப்புறத்தில் வெயில் தின்றுபோட்ட கறுப்புச் சாமான்களைக் கழற்றி, தேய்த்து, திரும்பக் கறுப்பாக்கித் தருவதுதான் என் வேலை. கதவோரமாக ஓடும் சைடு பீடிங், ஜன்னல் சட்டம், பம்பர் முனை, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்காரும் பட்டை, இந்த மாதிரி. எந்த எமரித் தாளில் தேய்ப்பது, எத்தனை கை பெயின்ட் அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரியும் என்றுதான் சொல்வீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் ஷெட்டை மூடுவதற்குச் சில மாதங்கள் முன்னால் அந்தக் கார் வந்தது. இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். அரக்குச் சிவப்பு. மில் அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். உடம்பெல்லாம் அழகாக இருந்தது, கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஓட்டிவந்தது ஜமுனா என்ற முப்பது வயதுப் பெண். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியவர் அவளுடைய அப்பா, வண்டிக்குச் சொந்தக்காரர். சௌராஷ்டிரக் குடும்பம். வில்லாபுரத்தில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார்கள். அவரைச் சாயக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இறங்கியதும் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரு சிட்டம் கறுப்பு நூல்.

"தம்பி, எனக்கு இந்தக் கறுப்பு வேணும். நானே போட்ட சாயம். எங்க பட்டறையில எல்லாக் கறுப்பும் இதுக்குத்தான் ஒத்து வரணும்."

"சரிண்ணே. வேலை முடிஞ்சதும் பக்கத்துல வச்சுப் பார்த்திருவோம்."

அவருக்கு வந்ததே கோபம். "பக்கத்துல வச்சுப் பார்க்கிறதுக்கு எதுக்குத் தம்பி சாயக்காரன்? எனக்கு அது மனப்பாடம். நூல் உங்களுக்கு, எனக்கு இல்ல."

நான் பொட்டலத்தை அலமாரியில் வைத்தேன். அதோடு அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் அந்தக் கறுப்புச் சாமான் அத்தனைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கியிருக்கிறார் என்று. சாயத்தில் புலி, பீடிங்கில் இப்படி. எண்ணெய் ஊறிய இடத்தில் பெயின்ட் உட்காருமா? குழி குழியாக விலகியது. மறுபடி கழுவி, மறுபடி தேய்த்து எல்லாவற்றையும் சரிசெய்தேன். வைப்பர் பட்டையில் ஓர் அரிசி அளவுக் குழி மட்டும் மிச்சம் இருந்தது. வைப்பர் கை அதன் மேல்தான் வந்து படுக்கும், யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்காக இல்லை, உங்களுக்காக.

முதல் தடவை பார்க்க வந்தார். ஜமுனா ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு அங்கேயே நின்றாள். இவர் டிக்கிப் பக்கம் போய்க் குனிந்தார். கன்னம் காரில் படுகிற அளவுக்கு முகத்தை ஒட்டி வைத்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது பக்க பீடிங்கின் நீளத்துக்கு முன்னோக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார். சுற்றிவந்து வலது பக்கமும் அதே மாதிரி டிக்கியிலிருந்து பார்த்தார்.

"வலது பக்கம் பிரமாதம். இடது பக்கம் நீலம் தட்டுது."

ஒரே டப்பா, ஒரே நாள், ஒரே கை. இடது பக்கத்துக்கு மட்டும் நீலம் எங்கிருந்து வரும்? ஆனால் சொன்னவர் சாயக்காரர். நாற்பது வருஷம் நிறத்தையே பார்த்து வாழ்ந்தவர். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இடது பீடிங்கைக் கழற்றி, தேய்த்து, யோக்கியமாக மறுபடி அடித்தேன்.

இரண்டாவது தடவை வந்தார். அதே குனிதல், அதே ஒற்றைக் கண், அதே தீர்ப்பு. "நீலம் போகலையே தம்பி."

அன்று ஜமுனா உள்ளே வந்தாள். பார்க்க வந்த தடவைகளில், கடைசி நாள் வரைக்கும் அவள் காரை நெருங்கியது அப்போது மட்டும்தான். கையில் கறுப்புக் கண்ணாடி. "அப்பா, வெயில்ல நிக்கிறப்பப் போட்டுக்கங்கன்னா கேக்க மாட்டீங்களா? ஆபரேஷன் பண்ண கண்ணு." அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பானட் பக்கம் கொஞ்சம் நின்று காரைப் பார்த்துவிட்டு அவள் கேட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், கொஞ்சம் புலம்பலாம் என்று.

"உங்கப்பா என்னம்மா இம்புட்டுக் கறாரா இருக்காரு?"

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஒரு பீடிங் தாண்ணே. எனக்கு மூணு லாட்டு நூல். ரெண்டு மாசமா நான் போடுற கறுப்பு எல்லாம் நீலமாம். மூணு தடவையும் திருப்பிட்டாரு. வேலைக்கு இருக்கவங்க முன்னாடியே, உனக்குக் கண்ணு இல்லைன்னு சொல்லிட்டாரு. திங்கக்கிழமை பெங்களூரு போறேண்ணே. ஒரு துணிக் கம்பெனியில கலர் பார்க்கிற வேலை. அங்கயாவது என் கண்ண நம்புறாங்களான்னு பார்க்கிறேன்."

"அப்ப பட்டறை?"

"மூடிருவேன்னு சொல்றாரு. மூடட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அது அவர்கள் வீட்டு விவகாரம், என் கவலை என் பீடிங். இரண்டும் ஒரே விவகாரம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது நீங்கள் படிக்கும்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். அடுத்தவன் ஷெட்டில் நடந்தால் எல்லாமே சுலபமாகத் தெரியும்.

மூன்றாவது தடவைக்கு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் செய்கிறீர்கள். பீடிங்கைக் கழற்றினேன். ஆணியில் மாட்டினேன். இரண்டு நாள் அது தொங்கியது, நான் டீ குடித்தேன். ஒரு சொட்டு பெயின்ட் படாமல் அப்படியே திரும்ப மாட்டிவிட்டு, "புதுசா அடிச்சாச்சுண்ணே, வந்து பாருங்க" என்று போன் போட்டேன். பாதிப் பேர் இந்த மருந்துக்குக் குணமாகிவிடுவார்கள். "இப்பத்தான் சரியா இருக்கு" என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். தெரியாத மாதிரி என்னைப் பார்க்காதீர்கள்.

சாயக்காரர் குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார். "நீங்க அடிக்க அடிக்க நீலம் கூடிக்கிட்டே போகுது தம்பி."

அடிக்காத பெயின்டில் நீலம் கூடுகிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் ஒன்று செய்தேன். அந்தக் காரின் சைடு பீடிங் நேர்ப்பட்டை, எந்தப் பக்கமும் பொருந்தும். கழற்றும்போதே பின்புறம் ஆணியால் 'இ' என்றும் 'வ' என்றும் கீறி வைத்திருந்தேன். இடது பீடிங்கை வலது பக்கமும் வலது பீடிங்கை இடது பக்கமும் மாட்டினேன். ஷெட்டின் ஒரு பக்கச் சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்திருந்தது, ஒருவேளை அந்த நிறம் பீடிங்கில் விழுகிறதோ என்று காரையும் திருப்பி நிறுத்தினேன். இனி நீலம் தட்டினால் வலது பக்கம்தான் தட்ட வேண்டும்.

சனிக்கிழமை நாலாவது தடவையாக வந்தார். "இன்னைக்குச் சரியில்லைன்னா நான் வண்டிய இப்படியே எடுத்துக்கிட்டுப் போறேன் தம்பி. திங்கக்கிழமைக்கு மேல என்னை ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வரவும் ஆள் இல்ல" என்றார். பட்டறையை மூடிவிட்டு இனி இந்தக் காரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போவதாகவும் சொன்னார். துடைப்பது தேங்காய் எண்ணெயிலா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

குனிந்தார். பார்த்தார். "இடது பக்கம். அதே நீலம்."

அப்போதுதான் முதல் முறையாக நான் பீடிங்கைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். இடது பக்கம் நிற்கும்போது கார் அவருக்கு வலப்புறம். வலது கன்னத்தைக் காரோடு ஒட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பார்க்கிறார். வலது பக்கம் போனதும் எல்லாம் மாறுகிறது. இடது கன்னம், இடது கண். ஒரு பக்கத்துக்கு ஒரு கண்.

"அண்ணே, ஆபரேஷன் எந்தக் கண்ணுல பண்ணாங்க?"

"வலது. புரை எடுத்து ரெண்டு மாசமாச்சு. இடதுக்கும் தேதி குடுத்தாங்க. இதுவே நல்லாத் தெரியுது, பிறகு பார்க்கலாம்னு விட்டுட்டேன். எதுக்குக் கேக்கிறீங்க?"

ரெண்டு மாசம். ஜமுனாவின் மூன்று லாட்டும் அந்த ரெண்டு மாசம்தான்.

இந்த இடத்தில்தான் தம்பி தங்கச்சிகளே, கொஞ்சம் நில்லுங்கள். தேய்ப்பதும் அடிப்பதும் ஒரு வாரத்தில் கை வந்துவிடும். இந்த மாதிரி ஒரு நிமிஷம் வரும்போது என்ன செய்வது என்பது எனக்கு முப்பது வருஷத்திலும் சரியாக வரவில்லை. "உங்க கண்ணுலதாண்ணே கோளாறு" என்று சொல்லிவிட்டால் ஒரு நொடியில் நான் ஜெயித்துவிடுவேன். அவருக்கு அந்தக் கண்ணைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மகள் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னால் அவரைக் கவிழ்த்தால் பிடிவாதத்தில் "நீலம்தான்" என்று சாகும்வரை சொல்லுவார். பேசாமல் விட்டுவிட்டால் திங்கட்கிழமை அவள் போய்விடுவாள். இன்னொரு சிக்கலும் இருந்தது. விளக்கிச் சொல்ல வேண்டுமென்றால் நான் டீ குடித்த இரண்டு நாளும் வெளியே வரும்.

கேட்டுக்குப் போய், "முக்குக் கடையில மூணு டீ சொல்லி வாங்கிட்டு வர்றியாம்மா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அலமாரியிலிருந்து அவருடைய நூல் சிட்டத்தை எடுத்து, பிரித்து, கையில் கொடுத்தேன்.

"பீடிங்க விடுங்கண்ணே. இதப் பாருங்க. இடது கண்ண மூடிக்கிட்டு."

"இதுல பார்க்க என்ன இருக்கு?"

"சும்மா பாருங்க."

வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "இதுவும் நீலம் தட்டுதே. இது என் நூல் இல்ல. மாத்திட்டீங்க."

"முடிச்சப் பாருங்கண்ணே."

சிட்டத்தின் தலையில் சிவப்பு நூலால் போட்ட முடிச்சு. அவர் கை முடிச்சு. விரலால் தடவிப் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்பே வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். பிறகு மாற்றினார். பிறகும் மாற்றினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்னாரு தம்பி, இன்னொரு கண்ணையும் பண்ணுற வரைக்கும் ரெண்டும் வேற வேற மாதிரித்தான் தெரியும், புரை எடுத்த கண்ணுக்கு நீலம் தூக்கலாத் தெரியும்னு. அது சாதாரண ஆளுகளுக்குன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பீடிங்கை இடவலமாக மாற்றியதைச் சொன்னேன். அவர் யோசித்தார். சாயக்காரர் மூளைக்குப் புரை இல்லை.

"அப்ப மூணாவது தடவை?"

"அடிக்கலண்ணே."

"அடிச்சேன்னு போன் பண்ணீங்களே."

"பண்ணேண்ணே."

இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார். ஒற்றைக் கண்ணே தேவலை என்று இருந்தது.

ஜமுனா டீயோடு வந்தாள். அவர் தங்கள் வீட்டு மொழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். எனக்கும் தெரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தமிழுக்கு வந்தார். நூல் சிட்டத்தை அவளிடம் நீட்டினார்.

"இது என்ன கறுப்புன்னு நீ சொல்லு."

அவள் டீயை பானட்டில் வைத்துவிட்டு வாங்கினாள். நானாக இருந்தால் பானட்டில் டீயா என்று கத்தியிருப்பேன், அன்று கத்தவில்லை. கேட் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

"சிவப்பு ஓடுதுப்பா. லேசா."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே. நான் பட்டறைக்கு வந்த நாள்ல இருந்து."

நாற்பது வருஷமாக அந்தப் பட்டறையில் எல்லாக் கறுப்புக்கும் இலக்கணமாக இருந்த நூல் அது.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையேப்பா."

அவர் நூல் சிட்டத்தைத் திரும்ப வாங்கிப் பொட்டலமாகச் சுற்றினார். பிறகு சொன்னார், "அந்த மூணு லாட்டையும் தூக்கிப் போட்டுறாத. திங்கக்கிழமை நீ பட்டறையத் திற. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு கண்ணுக்கும் தேதி வாங்கிட்டு வாரேன். நீ பார்த்து அனுப்புறதுதான் இனிமே கறுப்பு."

"திங்கக்கிழமை நான் பெங்களூருப்பா."

"டிக்கெட் போட்டாச்சா?"

அவள் காரைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். "இன்னும் போடல."

அவ்வளவுதான் பேசினார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்து நான் கொஞ்சம் தள்ளிக்கூட நின்றேன், அதெல்லாம் நடக்கவில்லை. ஆனால் அவர் எழுந்தபோது அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுவிட்டாள், அவர் தடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு குடும்பத்துக்கே கண் ஆபரேஷன் செய்து முடித்த டாக்டர் மாதிரி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ரிட்டயர் ஆவதற்கு முன்னால் இப்படி ஒரு கேஸ் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமுனா டீ கிளாஸை எடுக்க பானட் பக்கம் போனாள். எடுத்தவள் அப்படியே குனிந்து, இரண்டு விரலால் வைப்பர் கையைத் தூக்கினாள்.

"அண்ணே, இது என்ன?"

அரிசி அளவுக் குழி. வெயில் நேராக அதில் விழுந்தது.

"அது… எண்ணெய் குடிச்ச இடம்மா. எப்பப் பார்த்த?"

"அன்னைக்குக் கண்ணாடி குடுக்க வந்தப்பவே பார்த்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்களும் கேக்கலையேண்ணே."

சாயக்காரர் சிரித்த சிரிப்பில் கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. நாலு தடவையும் அந்தப் பெண் என் கேட்டில்தான் நின்றாள். இடது பக்கம் நீலமா, இல்லையா என்று அவளை ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உங்கள் கேட்டிலும் யாராவது ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார்கள், வீடியோ எடுத்து முடித்ததும் போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

"புதன்கிழமை வாங்கண்ணே, வண்டி தயாரா இருக்கும்" என்றேன்.

"அடிச்சுட்டுப் போன் பண்ணுங்க" என்றார் அவர். ஸ்கூட்டரில் ஏறிய பிறகு திரும்பி, "அடிச்சுட்டு" என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் வைப்பர் பட்டையைக் கழற்றி எமரியை எடுத்தேன். இந்தத் தடவை நிஜமாகவே தேய்த்தேன்.